தூண்டில் மேடை: விரால் அடிக்கிறது, முள் ஏறவில்லை!

சென்ற இதழில் தவளை லூர், அதாவது தவளை வடிவச் செயற்கை இரை பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. ‘விரால் அடித்ததும் ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிவிட்டுச் சுண்டுங்கள்’ என்பதுதான் அதன் சாரம். (சுண்டுவது என்றால் முள் மீனின் வாயில் ஏறும்படி தூண்டில் கோலை வெடுக்கென இழுப்பது.) அந்த ஒற்றை வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதுமாகிவிட்டன. தவளையை விட்டு விலகிய ஓரிரு கேள்விகளையும் சேர்த்திருக்கிறோம்.

ஆகாயத்தாமரை மேல் தவளையை இழுத்தால் ‘பொளக்’ என்று அடிக்கிறது. எண்ணிவிட்டுத்தான் சுண்டுகிறேன். பத்துக்கு எட்டு முறை லூர் மட்டும் பறந்து வந்து காலடியில் விழுகிறது. எண்ணிக்கை தப்பா? – மதுராந்தகம் வாசகர்

எண்ணிக்கையைப் பிறகு பார்ப்போம். முதலில் லூரைக் கையில் எடுங்கள். கடையில் வாங்கியதை அப்படியே கட்டி வீசுகிறீர்கள் என்றால் தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

உள்ளே வெற்றிடமுள்ள ரப்பர் தவளையில் இரட்டை முள்ளின் நுனிகள் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். பாசியில் மாட்டாமல் வருவதற்காக அப்படி. மீன் வாயை மூடும்போது உடல் நசுங்க வேண்டும், நுனிகள் வெளியே வர வேண்டும். லூர் செய்ய வேண்டிய வேலையே இவ்வளவுதான். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தவளையின் முதுகையும் வயிற்றையும் மெல்ல அழுத்துங்கள். லேசான அழுத்தத்திலேயே இரண்டு நுனிகளும் 4, 5 மி.மீ. தெரிய வேண்டும். பலமாகப் பிதுக்கினால்தான் தெரிகிறது என்றால் அந்த ரப்பர் விராலுக்கு ஆகாது. வெந்நீரில் இரண்டு நிமிடம் ஊறவைத்துப் பிசைந்தால் இளகும் என்பார்கள். இளகத்தான் செய்யும், ஆறியதும் மறுபடி விறைத்துக்கொள்ளும். விலை குறைந்த தவளைகள் ஏமாற்றுவது நிறத்தில் அல்ல, இந்த விறைப்பில்தான்.

ரப்பர் மென்மையாக இருந்தும் முள் ஏறவில்லை என்றால் குறடால் இரண்டு நுனிகளையும் பக்கவாட்டில் மிகமிகக் கொஞ்சம் விரியுங்கள். மேல்நோக்கி வளைக்காதீர்கள். பிறகு ஒரு ஈரத் துண்டைத் தரையில் விரித்து அதன்மேல் தவளையை இழுத்துப் பாருங்கள். துண்டின் நூலில் மாட்டினால் அதிகம் விரித்துவிட்டீர்கள். வழுக்கிக்கொண்டு வந்து, விரலால் அழுத்தியபடி இழுக்கும்போது மட்டும் மாட்டினால் அதுதான் சரியான அளவு.

அடுத்து கூர். நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து, அழுத்தாமல் இழுங்கள். கீறி நின்றால் கூர் இருக்கிறது, வழுக்கினால் மழுங்கிவிட்டது. மெல்லிய அரத்தால் நுனியை நோக்கி மூன்று நான்கு தேய்ப்பு போதும். விராலின் வாய்க்குள் எலும்பு அதிகம். மழுங்கிய முள் அதில் சறுக்கும்.

வால் நார்களையும் கவனியுங்கள். 5 செ.மீ. உடலுக்குப் பின்னால் 7, 8 செ.மீ. நார் தொங்கினால் மீன் நாரைக் கவ்விவிட்டுப் போய்விடும். கத்தரியால் உடலின் நீளத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்த பிறகே எண்ணிக்கை. உண்மையில் எண்ணுவதைவிடக் கனத்தை உணர்வது மேல். அடித்த சத்தம் கேட்டதும் கை தானாக மேலே போகும், அதை அடக்குங்கள். ராடின் (தூண்டில் கோலின்) நுனியை நீரை நோக்கித் தாழ்த்தி, தொய்ந்த நரம்பை (தூண்டில் நூலை) சுற்றி எடுங்கள். கனம் தெரிந்ததும் இடுப்பிலிருந்து பலமாக ஒரே சுண்டு. இந்தத் தாழ்த்தலுக்கும் சுற்றலுக்கும் ஆகும் நேரம்தான் அந்த ‘ஒன்று, இரண்டு’. கனம் தெரியவே இல்லை என்றால் சுண்டவே வேண்டாம். லூர் அங்கேயே கிடக்கட்டும். இரண்டு மூன்று வினாடி கழித்து லேசாக ஒரு துடிப்பு கொடுத்தால் அதே மீன் திரும்ப அடிக்க வாய்ப்பு உண்டு.

நேர்மாறாகத்தான் பார்க்கிறோம். உடனே சுண்டினால்தான் மீன் ஏறுகிறது. எண்ணிக்கொண்டிருந்தால் துப்பிவிடுகிறது. – காட்டுமன்னார்கோவில் வாசகர்கள் மூவர்

நீங்கள் மூவரும் வீசுவது எந்த வகை என்று கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது: ‘வாலில் பிளேடு சுழலும் சின்னத் தவளை’. அது வேறு பொருள். பிளேடு என்பது இழுக்கும்போது சுழலும் சிறு உலோகத் தகடு. அந்த வகையில் முள் உடலோடு ஒட்டாமல் வெளியே நிற்கும். நசுங்க வேண்டிய அவசியமே இல்லை. உடல் கெட்டியாக இருப்பதால் கவ்விய மறுகணமே மீனுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். அதற்கு உங்கள் வழிதான் சரி, கனம் தெரிந்த அந்த நொடியே சுண்ட வேண்டும். சென்ற இதழில் இரண்டையும் பிரித்துச் சொல்லாதது எங்கள் பிழை.

திறந்த நீருக்கும் பாசி விரிப்புக்கும்கூட வித்தியாசம் உண்டு. திறந்த நீரில் விரால் லூரை வாய்க்குள் உறிஞ்சிவிடுகிறது. அடர்ந்த பாசியில் கீழிருந்து பாசியோடு சேர்த்து முட்டுகிறது. இலை மேலே எழும்பும், சத்தம் பெரிதாகக் கேட்கும், லூர் வாய்க்குள் போயிருக்காது. பெரிய சத்தத்தை நம்பிச் சுண்டுகிறவர்களுக்குத்தான் வெறும் லூர் திரும்பி வருகிறது.

0.35 மி.மீ. நைலான் நரம்பு போட்டிருக்கிறேன். கெண்டைக்கு நன்றாக இருக்கிறது. தவளைக்கும் அதுவே போதுமா? – உத்திரமேரூர் வாசகர்

போதாது. கனம் குறைவு என்பது சின்னக் காரணம். நைலான் நீளும் என்பதே பெரிய காரணம். 20 மீட்டர் தள்ளி மீன் கவ்வியிருக்க, நீங்கள் சுண்டும் விசையில் பாதியை அந்த நீட்சி தின்றுவிடும். பாசித் தண்டுகளுக்கு இடையே நைலான் சிக்கிக்கொள்ளும். பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, தண்டை அறுத்துக்கொண்டு வரும்.

30 முதல் 50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு, 3000 அளவு ரீல், ஆறரை அல்லது ஏழு அடியில் மீடியம் ஹெவி ராடு. ராடின் அடியில் அச்சிட்டிருக்கும் லூர் எடையைப் பாருங்கள். உங்கள் தவளை 8 முதல் 15 கிராம் என்றால், அந்த எடை ராடின் வரம்புக்குள் நடுவில் விழ வேண்டும். வெறும் ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளையில்) பிரெய்டைச் சுற்றினால் அது மொத்தமாக வழுக்கிச் சுழலும். அடியில் பத்துச் சுற்று நைலான் சுற்றி அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். பாசிக்குள் வீசும்போது டிராக்கை (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை) நன்றாக இறுக்கிவிடுங்கள். விரால் ஒரு மீட்டர் ஓடினாலே தண்டைச் சுற்றிக்கொள்ளும்.

நைலானுக்குப் போடும் சாதாரணச் சுருக்கு பிரெய்டில் வழுக்கும். பலோமர் முடிச்சு போடுங்கள். நுனியை 15 செ.மீ. இரட்டையாக மடித்து லூரின் வளையத்துக்குள் நுழைத்து, இறுக்காமல் ஒரு சாதா முடிச்சு. மீதமிருக்கும் கண்ணிக்குள் லூர் முழுவதையும் நுழைத்து எடுத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்கள். மிஞ்சும் நரம்பு நுனியை 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

லீடர், அதாவது பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் துண்டு நரம்பு வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். விராலின் பல்லுக்காக வேண்டாம். ஏரிக்குள் சீமைக் கருவேல மரம் நிற்கும் இடங்களில் மட்டும் 40 பவுண்டு நைலான் 40 செ.மீ. கட்டுங்கள். இழுபடும் பிரெய்டு மரத்தில் உரசினால் பிய்ந்துவிடும்.

வாங்கும்போது மிதந்த தவளை அரை மணியில் மூழ்கிவிடுகிறது. – புதுக்கோட்டை வாசகர்

மூக்கில் முள்ளின் வளையம் வெளிவரும் ஓட்டை, வயிற்று ஈயத்தின் ஓரம், பின்னால் முள் தண்டு நுழையும் பிளவு ஆகிய மூன்று இடங்களில் நீர் புகும். பின் பிளவை அடைக்கக் கூடாது, அடைத்தால் உடல் நசுங்காது. மற்ற இரண்டையும் நன்றாக உலர்த்தி ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்து அடையுங்கள். அடைத்த பிறகு ஒரு வாளி நீருக்குள் அமிழ்த்தி மெல்ல அழுத்தினால் குமிழி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். ஏரியில் இருக்கும்போது ஐந்தாறு வீச்சுக்கு ஒருமுறை பின் பிளவு கீழே இருக்கும்படி பிடித்துப் பிதுக்கி நீரை வெளியேற்றுங்கள். மீன் கடித்துக் கிழித்த ஓட்டை என்றால் ஒட்டி மெனக்கெட வேண்டாம். முள்ளைக் கழற்றி வைத்துக்கொண்டு உடலைத் தூக்கிப் போடுங்கள். ஏரியில் அல்ல.

பச்சையா, கறுப்பா, வெள்ளையா? – தென்காசி வாசகர்

கீழிருந்து பார்க்கும் மீனுக்குத் தெரிவது வயிறும் நிழலுருவமும்தான். மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் கறுப்பு, வெயில் ஏறிய பிறகு வெளிர் வயிறு. முதுகில் தீட்டியிருக்கும் புள்ளியும் கோடும் உங்களுக்காக.

எங்கே வீசுவது? ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. எந்த இடமும் ஒன்றுபோலவே இருக்கிறது. – தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

தூரத்தை விடுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் 40 மீட்டர் வீசுவதில் பெருமைப்படுகிறார்கள். விரால் பெரும்பாலும் கரையோரத்தில், முழங்கால் ஆழத்தில் இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தை அதிரும்படி மிதித்து வந்தாலே அது போய்விடும். 15, 20 மீட்டருக்குள் வீசுங்கள். முதல் வீச்சு கரைக்கு இணையாக, இடமும் வலமும். பிறகுதான் எதிரே.

விரால் நீரில் கரைந்த காற்றை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். பாசிக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவு ஒரு பொத்தல் இருந்தால் அது அதற்கு மூச்சு விடும் வாசல். ‘ப்ளப்’ என்று ஒரு சிறு சத்தம், அதைத் தொடர்ந்து இரண்டு மூன்று குமிழி. காற்றே இல்லாதபோது ஒரு கோரைத் தண்டு மட்டும் ஆடினால் அதுவும் அடையாளம்தான்.

குமிழியின் மேலேயே வீசாதீர்கள். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தாண்டி விழட்டும். இலைமேல் இழுத்து வந்து, பொத்தலின் விளிம்பில் நிறுத்துங்கள். தவளை இலையிலிருந்து நழுவி நீருக்குள் இறங்குவதுபோல் மெல்ல விடுங்கள். இறங்கியதும் அசைக்காமல் மூன்று வினாடி. பிறகு உள்ளங்கை அகலம் நகர்த்தி மறுபடி நிறுத்தம். அடி விழுவது பெரும்பாலும் நிறுத்தத்தில், அல்லது நிறுத்திய பின் முதல் அசைவில். பொத்தலைத் தாண்டி அடுத்த இலை விரிப்பில் ஏறிவிட்டால் வேகமாக இழுத்து எடுத்துவிடலாம். வாலில் பிளேடு உள்ள தவளைக்கு மட்டும் இந்த நிறுத்தம் ஆகாது. பிளேடு சுழல்வது நிற்காத அளவுக்கு ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

காலை விடிந்ததிலிருந்து எட்டரை வரை, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுப்பகலில் போயே ஆக வேண்டும் என்றால் மதகு ஓரத்து நிழல், கருவேல மர நிழல். காற்று ஒரு பக்கமாக அடித்து ஆகாயத்தாமரையைக் குவித்திருந்தால் குவியலின் நடுவே வீசி நேரத்தை வீணாக்காமல் அதன் ஓரத்தைப் பிடியுங்கள். மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலம் போன ஏரி என்றால் குத்தகைதாரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

லூர் விலை கட்டுப்படியாகவில்லை. செருப்பில் செய்வதாகச் சொல்கிறார்களே, அளவு தர முடியுமா? – ராமநாதபுரம் வாசகர்

தரலாம். கையில் எடுத்தால் இறகுபோல் இருக்கும் இ.வி.ஏ. ஃபோம் செருப்பாகப் பாருங்கள். கனமான ரப்பர் செருப்பு மிதக்கத் திணறும். குதிகால் பகுதியில் 18 மி.மீ. கனம் கிடைக்கும். அதிலிருந்து 5.5 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலத்தில் ஒரு கட்டை. சவர பிளேடால் படகு மாதிரி செதுக்குங்கள். வயிறு தட்டை, மூக்கு மேல்நோக்கிச் சரிவு. மூக்கு கூராக, நேராக இருந்தால் பாசிக்குள் குத்திக்கொண்டு நிற்கும். சரிவாக இருந்தால் ஏறி வரும்.

இப்போது கணக்கு. செதுக்கிய உடல் ஏறக்குறைய 15 கன செ.மீ. இருக்கும், ஆகவே 15 கிராம் வரை தாங்கும். ஃபோம் 3 கிராம், ஈயம் 4, இரட்டை முள் 3, கம்பியும் பிளேடும் 2. மொத்தம் 12. மீதி 3 கிராம்தான் மிதப்பு. ‘இன்னும் தூரம் போகட்டும்’ என்று ஈயத்தை 7 கிராமாக்கினால் லூர் நீர் மட்டத்திலேயே தத்தளிக்கும், காலுக்குக் கட்டும் பட்டைகளின் எடையும் சேர்ந்ததும் உள்ளே போகும். வீச்சுக்கு 12 கிராம் தாராளம்.

வயிற்றில் நீளவாக்கில் 8 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கீறல். 1 மி.மீ. துருப்பிடிக்காத கம்பியை முள்ளின் வளையத்தில் முறுக்கிக் கட்டி, மறுமுனையை மூக்கு வழியே வெளியே கொண்டுவந்து வளையமாக்குங்கள். ஈயத்தைத் தகடாக அடித்து முள் தண்டின் மேல், உடலின் பின்பாதியில் சுற்றுங்கள். முன்பாதியில் சுற்றினால் மூக்கு தாழ்ந்து தவளை குட்டிக்கரணம் போடும். முள் நுனிகள் முதுகை நோக்கி மேலே வர வேண்டும். இந்த ஃபோம் ரப்பர் தவளைபோல் நசுங்காது. அதனால் நுனிகள் முதுகைவிட 3 மி.மீ. தூக்கி நிற்கட்டும். அதற்கேற்றபடி கொஞ்சம் பாசி மாட்டத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் ரப்பர் சொல்யூஷன். கீறலின் இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிடம் காத்திருந்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் மறுநாள் பிளந்துகொள்ளும். சூப்பர் குளூ விறைத்துவிடும், வளைந்தால் வெடிக்கும். காலுக்கு, பழைய சைக்கிள் டியூபில் 3 மி.மீ. அகலத்தில் நாலு பட்டைகள். வாலில் சிறு ஸ்விவலோடு (சுழலும் இணைப்போடு) ஒரு பிளேடு. பெயின்ட் அடிக்காதீர்கள், உரிந்துவிடும். கறுப்புச் செருப்பாகவே தேடிக்கொள்ளுங்கள்.

தவளைக்கு ஜிலேபி, ரோகு வருமா? – சேலம் வாசகர்

வராது. அவற்றுக்கு மாவு, புழு என்று வேறு வழி. குறவை வரும், ஆனால் வாய் சின்னது. 4 செ.மீ.க்குக் குறைவான தவளை வேண்டும்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொதிப்பதுபோல் தெரியும்போது அதற்குள் வீசினால் உடனே அடிக்கிறது. இது சுலபமான வழியாயிற்றே? – திருநெல்வேலி வாசகர்

சுலபம்தான், செய்யாதீர்கள். அது பசியில் அடிக்கவில்லை. குஞ்சுகளுக்குக் கீழே காவல் நிற்கும் தாயோ தகப்பனோ விரட்டுவதற்காக அடிக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் அந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகளும் ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் இரையாகிவிடும். அதே கரையில் ஐம்பது அடி தள்ளி வீசுங்கள். தெரியாமல் மாட்டிவிட்டால் குறடால் முள்ளைக் கழற்றி, பிடித்த இடத்திலேயே விடுங்கள். கைவிரலை வாய்க்குள் விடாதீர்கள். பல் சிறிது, ஆனால் கிழித்துவிடும்.

முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு ரபாலா மாதிரி மீன் வடிவ லூர் வீசுகிறேன். இழுத்தால் ஒரு பக்கமாகவே சாய்ந்து ஓடுகிறது. போலி லூரா? – கடலூர் வாசகர்

போலியாக இருக்க வேண்டியதில்லை. மூக்கு வளையம் வளைந்திருக்கும். லூரின் முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது உங்கள் இடப்பக்கம் ஓடினால் வளையத்தை உங்கள் வலப்பக்கம், வலம் ஓடினால் இடம். குறடால் ஒரு மயிரிழை அளவு வளைத்து, காலடி நீரில் இழுத்துப் பார்த்து, மறுபடி ஒரு மயிரிழை. வளையத்தைத் திருகாதீர்கள், வேரோடு ஆடிப்போகும். நேராக ஓடியும் ஆட்டம் குறைவாக இருந்தால் முடிச்சைப் பாருங்கள். வளையத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தால் லூர் ஆடாது. சிறு ஸ்னாப் (திறந்து மூடும் கொக்கி) போடுங்கள், அல்லது தளர்வான கண்ணி முடிச்சு.

அந்த ஆட்டம்தான் அந்த லூரின் உயிர். பின்லாந்து மீனவர் லௌரி ரபாலா 1936இல் தன் முதல் லூரைத் தக்கையில் செதுக்கினார். மேலே சாக்லேட் சுற்றி வரும் ஈயத்தாள், அதன்மேல் உருக்கிய புகைப்பட நெகட்டிவ் பூச்சு. சிறு மீன் கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் ஒன்றையே பெரிய மீன் தேர்ந்தெடுப்பதை அவர் பார்த்திருந்தார். அந்தத் தள்ளாட்டத்தைக் கொண்டுவரத்தான் அத்தனை செதுக்கலும். தள்ளாடாத லூர் அழகாக இருந்து பயனில்லை.

பெட்டியில் வைத்த தவளைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருகிவிட்டன. – வேலூர் வாசகர்

மென்ரப்பர் வகைகள் வெவ்வேறு கலவையில் வருகின்றன. இரண்டு கலவை தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றையொன்று கரைக்கும், சில பிளாஸ்டிக் பெட்டியையும் சேர்த்துக் கரைக்கும். வாங்கிய உறையிலேயே தனித்தனியாக வையுங்கள். வால் நார்களில் ஒரு சிட்டிகை டால்கம் பவுடர் தூவினால் ஒட்டாது. பைக் பெட்டிக்குள், காரின் முன்கண்ணாடி ஓரத்தில் வெயிலில் விடாதீர்கள், உடல் சப்பிப்போனால் திரும்ப எழாது. வீட்டுக்கு வந்ததும் உள்ளிருக்கும் நீரைப் பிதுக்கி, முள்ளின் பக்கம் கீழே தொங்கும்படி ஓர் இரவு நிழலில் உலரவிடுங்கள். உள்ளே தண்டு துருப்பிடிப்பது வெளியிலிருந்து தெரியாது. ஒருநாள் சுண்டும்போது ஒடிந்துதான் தெரியவரும்.